சாப்பாட்டு மேசையில் மூன்று திரைகள்

என் கணவர் சரக்குக் கப்பலில் செகண்ட் ஆபிசர். வருடத்தில் பாதி கடலில் இருப்பார், மீதி எங்கள் வீட்டு சோபாவில். கடலில் இருக்கும்போது அவரை நினைத்துக் கவலைப்படுவேன். சோபாவில் இருக்கும்போது என்னை நினைத்துக் கவலைப்படுவேன். கப்பலில் ஓயாமல் உத்தரவு போட்டுப் பழகிய மனிதருக்கு வீட்டில் உத்தரவு போட என்னை விட்டால் ஆள் கிடையாது.

எனக்கு வேலை வீட்டிலிருந்தபடியே. பெங்களூரில் உள்ள ஒரு கம்பெனிக்காக மருத்துவக் காப்பீட்டு பில்களைச் சரிபார்க்கிறேன். ஆஸ்பத்திரி அனுப்பிய பில்லைப் பார்க்க வேண்டும், அதைப் பாலிசியின் விதிமுறைகளோடு ஒப்பிட வேண்டும், பிறகு மென்பொருளில் குறிப்பு எழுத வேண்டும். இந்த மூன்றையும் ஒரே லேப்டாப் திரையில் மாற்றி மாற்றித் திறந்துதான் செய்துவந்தேன். பில்லில் ஊசிக்கு என்ன போட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பேன். விதிமுறைக்குத் தாவுவேன். தாவும்போதே அந்தத் தொகை மறந்துபோகும். திரும்ப பில்லுக்கு ஓடுவேன்.

சென்ற லீவில் வந்த புதிதில், சோபாவிலிருந்து இதை இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவர் கேட்டார்.

"என்னளா, அங்கயும் இங்கயும் தாவிக்கிட்டே இருக்க? தலை சுத்தலையா?"

"சுத்தத்தான் செய்யுது. சம்பளம் குடுக்காங்களே."

"எங்க பிரிட்ஜ்ல எத்தன ஸ்கிரீன் தெரியுமா? ரேடாருக்குத் தனி, மேப்புக்குத் தனி, இன்ஜினுக்குத் தனி. எல்லாத்தையும் ஒண்ணுலயே பாத்தா கப்பல் கரையில ஏறிரும்."

பிரிட்ஜ் என்பது கப்பலைச் செலுத்தும் அறை. எங்கள் வீட்டில் எந்த விஷயத்தைப் பேசினாலும் கடைசியில் அந்த அறையில் போய்த்தான் நிற்கும். பருப்பு தீய்ந்தால்கூட பிரிட்ஜில் இருக்கும் அலாரத்தைப் பற்றிச் சொல்லுவார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து திரும்பும் வழியில் கம்ப்யூட்டர் கடைக்குப் போய் ஒரு பெரிய மானிட்டரை வாங்கிக்கொண்டு வந்தார். சாப்பாட்டு மேசையில் லேப்டாப்புக்கு இடப்பக்கம் வைத்தார். பெரிய திரையில் பில்லும் மென்பொருளும், லேப்டாப்பில் விதிமுறை. மறுநாள் வேலையை ஆரம்பித்தபோதுதான் இத்தனை காலம் எவ்வளவு முட்டாள்தனமாகக் கஷ்டப்பட்டிருக்கிறேன் என்று புரிந்தது. தாவல் இல்லை, மறதி இல்லை. பில்லின் எழுத்துகளைப் பார்க்கக் கண்ணைச் சுருக்க வேண்டியதில்லை. வழக்கமாக இருட்டும் வரை இழுக்கும் வேலை, துணி காயப்போட்ட மாடியில் வெயில் இருக்கும்போதே முடிந்தது. மனதுக்குள் அவருக்கு எத்தனையோ முறை நன்றி சொன்னேன். ஒரு முறை வாய்விட்டுச் சொன்னதுதான் வினையாகிவிட்டது.

"ஒண்ணுக்கே இப்படின்னா, இன்னொண்ணு இருந்தா?" என்றார்.

வேண்டாம் என்றேன். சட்டையை மாட்டிக்கொண்டார். அவரைத் தனியாக அனுப்பினால் நாலாக வாங்கி வந்துவிடுவார் என்று பயந்து கூடவே போனேன்.

கடைக்கார அண்ணாச்சி எங்களைப் பார்த்ததும், "என்ன சார், அன்னைக்கு வாங்குனது சரியில்லையா?" என்று எழுந்தார்.

"அருமையா இருக்கு அண்ணாச்சி. இன்னொண்ணு வேணும்."

"தங்கச்சி ஷேர் மார்க்கெட் பண்ணுதாங்களோ?"

"இல்ல, இன்சூரன்ஸ்."

அண்ணாச்சி என்னை இரக்கத்தோடு பார்த்தார். "லேப்டாப்போட சேத்தா மூணு ஆச்சு. மனுசனுக்கு ரெண்டு கண்ணுதான சார்?" என்றார். ஆனாலும் வியாபாரி அல்லவா, பெட்டியை எடுத்துக் கட்டிக்கொடுத்துவிட்டார்.

அன்றோடு எங்கள் சாப்பாட்டு மேசை எங்களை விட்டுப் போயிற்று. நடுவில் லேப்டாப், இரண்டு பக்கமும் இரண்டு மானிட்டர், கீழே பாம்புப் புற்றைக் கலைத்தது போல வயர்கள். தட்டு வைக்க இடமில்லை. நான் குசினியில் அடுப்புப் பக்கம் நின்றுகொண்டே சாப்பிட்டேன். அவர் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, "கப்பல் ஆடும்போது இப்படித்தான் சாப்பிடுவோம்" என்று பெருமையாகச் சொன்னார்.

திரைகளின் வரிசையை அமைக்கும்போது எதையோ தலைகீழாகச் செய்துவிட்டார். மவுஸை வலப்பக்கம் நகர்த்தினால் அம்புக்குறி இடப்பக்கத் திரையில் போய் முளைக்கும். அதைத் தேடித் தேடியே பாதி நேரம் போனது. மாற்றித் தரச் சொன்னதற்கு, "பழகிரும்ளா" என்றார். உண்மையிலேயே பழகியும்விட்டது. அதன் பிறகு அவர் சரியாக மாற்றிவைத்ததும் மறுபடி தேட ஆரம்பித்தேன்.

மூன்றாவது திரையில் எதை வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது. உலகத்தில் எந்தக் கப்பல் எங்கே போகிறது என்று காட்டும் ஒரு வரைபடம் இணையத்தில் இருக்கிறது. அதை அதில் திறந்து வைத்தார். தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வெளியே நிற்கிற கப்பல்கள் எல்லாம் சின்னச் சின்ன நிறப் புள்ளிகளாகத் தெரிந்தன. ஒரு நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டு, டீ டம்ளரோடு உட்கார்ந்துவிட்டார்.

"அங்கன பாரு, அந்தக் கரிக் கப்பல் நேத்துலருந்து அப்படியே கெடக்கு. உள்ள வர இடம் குடுக்கல போல."

நான் அப்போது யாரோ ஒருவருடைய கண்புரை ஆபரேஷன் பில்லில் மூழ்கியிருப்பேன். "ம்" என்பேன்.

"நீ பாக்கவே இல்ல."

பார்ப்பேன். கரிக் கப்பல் கிடக்கும். திரும்பும்போது கண்புரை பில்லில் எந்த வரியில் இருந்தேன் என்பது மறந்திருக்கும். ஒரு திரை இருந்த காலத்தில் என்னென்ன மறந்தேனோ, அவையெல்லாம் வேறு வழியாகத் திரும்பி வந்தன.

ஒரு நாள் காலை எங்கள் மேலாளர் எல்லோரையும் வீடியோவில் கூட்டி, புதிய விதிமுறைகளை ஒவ்வொரு பக்கமாகக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தார். கோயம்புத்தூர்க்காரர், அதிர்ந்து பேச மாட்டார். என் மைக்கை நான் அணைத்து வைக்கவில்லை. வரைபடத்தில் ஏதோ ஒரு கப்பல் இன்னொன்றின் குறுக்கே போயிருக்கிறது. என் பக்கத்து நாற்காலியிலிருந்து பெரிய சத்தம் எழுந்தது.

"ஏலே, திருப்புலே! திருப்பு!"

மேலாளர் பேச்சை நிறுத்தினார். "எந்தப் பக்கத்தைங்க திருப்பணும்?" என்று கேட்டுவிட்டு, பணிவாக முந்தைய பக்கத்துக்குத் திருப்பினார். அதை முதலிலிருந்து மறுபடி விளக்கவும் செய்தார். கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. யாருக்கோ புரியவில்லை என்றே நினைத்துக்கொண்டார்கள். நான் தண்ணீர் குடிப்பது போல டம்ளரால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

அதற்கு அடுத்த வாரம்தான் மீன் விவகாரம். திரேஸ்புரத்தில் ஒரு அக்கா எங்களுக்கு வாடிக்கையாக மீன் தருவார். காலையில் வந்த மீனைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார், நான் பதில் போடுவேன். அந்த வாட்ஸ்அப்பையும் மூன்றாவது திரையில், கப்பல்களுக்குப் பக்கத்தில் திறந்து வைத்திருந்தேன். அன்று நல்ல விளமீன். வலப்பக்கத் திரையில் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே, தமிழை ஆங்கில எழுத்தில் மளமளவென்று தட்டினேன். நாக்கில் எச்சில் ஊற என்டரையும் தட்டினேன்.

மத்தியானம் வரை மீன் வரவில்லை. அக்காவுக்கு போன் செய்தேன். "நீ ஒண்ணும் சொல்லலியேம்மா, வித்துட்டேனே" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

இரண்டு நாள் கழித்து விளங்கியது. மேலாளர் என்னை மட்டும் வீடியோவில் கூப்பிட்டார்.

"ஒரு க்ளெய்ம்ல நீங்க எழுதுன குறிப்பு ஆடிட்டருக்குப் புரியலைங்களாம். அவரு வடக்கத்திக்காரரு. ஏதாவது மருத்துவ வார்த்தையான்னு என்கிட்ட கேட்டிருக்காரு. நான் படிக்கிறேனுங்க."

"படிங்க சார்."

"நோயாளிக்குத் தலையில ஸ்கேன் எடுத்திருக்காங்க. அதுக்குக் கீழ நீங்க எழுதியிருக்கீங்க." தொண்டையைச் செருமிக்கொண்டார். "தலையைத் தனியா எடுத்து வைங்க. குழம்புக்கு வேணும்."

கண் வலப்பக்கத் திரையில் இருந்திருக்கிறது, எழுத்து விழுந்ததோ இடப்பக்கத் திரையில். எங்கே பார்க்கிறோம் என்பது கம்ப்யூட்டருக்குத் தெரியாதல்லவா? கடைசியாக எங்கே க்ளிக் செய்தோமோ, அங்கேதான் அது எழுதும்.

"அது விளமீன், சார்" என்றேன். வேறு என்ன சொல்வது?

அவருடைய தோள் குலுங்கியது. பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டு, "சரிங்க, அழிச்சிடுங்க. இன்னொரு விஷயம். மீட்டிங்ல நீங்க எப்பவும் வேற பக்கம் யாரையோ பாத்துட்டே இருக்கீங்க. பக்கத்துல யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார்.

கேமரா நடுவில் லேப்டாப்பில் இருக்கிறது, நான் பார்ப்பது இடப்பக்கத்துப் பெரிய திரையை என்று விளக்க வாயெடுத்தேன். அதற்குள் வலப்பக்கத்திலிருந்து ஒரு முகம் கேமராவுக்குள் நீண்டது.

"நான்தான் இருக்கேன் சார். தப்பா நெனைக்காதீங்க. கண்காணிப்புன்னா எல்லாப் பக்கமும் பாக்கணும், நேராவே பாத்துட்டு இருந்தா ஆபத்து."

மேலாளர் அவரை உற்றுப் பார்த்தார். "நீங்க எந்த டீமுங்க?" என்றார்.

அதற்குள் என் கழுத்தும் போய்விட்டது. காலையில் எழுந்தால் தலை இடப்பக்கம் திரும்பியபடியே நிற்கும். பிசியோதெரபி செய்யும் பெண் கழுத்தைப் பிடித்துப் பார்த்துவிட்டு, என் மேசை எப்படி இருக்கும் என்று கேட்டார். கையால் காற்றில் வரைந்து காட்டினேன்.

"அதிகமாப் பாக்குறத நேரா வைங்கக்கா. ரெண்டு வச்சுக்கிடுங்க, தப்பில்ல. பக்கத்துல இருக்கது எப்பவாவது திரும்பிப் பாக்கத்தான்."

"அதத்தான நானும் சொன்னேன்" என்றார் என் கணவர். அவர் அப்படி ஒருநாளும் சொன்னதில்லை.

வீட்டுக்கு வந்ததும் பெரிய மானிட்டரை நடுவில் வைத்தேன். அதன் தலையில் மாட்ட ஒரு சின்னக் கேமரா வாங்கினேன். லேப்டாப் பக்கத்துக்குப் போனது. மூன்றாவதின் வயரைப் பிடுங்கினேன்.

"உனக்கு ஒத்தாசையா இருக்கட்டும்னுதான வாங்குனேன்" என்றார் அவர். குரல் இறங்கியிருந்தது.

"ஒத்தாசை ரெண்டாவதோட முடிஞ்சுட்டு. மூணாவது நீங்க உக்காரதுக்கு வாங்குனது."

பதில் வராது என்றுதான் நினைத்தேன். வந்தது. "ஆமா. லீவுல வந்தா நீ அதுக்குள்ள போயிருத. சும்மா பக்கத்துல வந்து உக்காந்தா என்ன வேணும்னு கேக்க. நான் என்ன சொல்ல? ஒரு சாக்கு வேணும்லா?"

வயர் கையில் இருக்க அப்படியே நின்றேன். இத்தனை நாளும் கரிக் கப்பலைத்தான் பார்க்கச் சொல்கிறார் என்று நினைத்திருந்தேன்.

மூன்றாவது திரையை சோபாவுக்கு எதிரே ஒரு ஸ்டூலில் வைத்து, நீள வயர் ஒன்றால் லேப்டாப்போடு இணைத்தோம். மேசையின் ஒரு மூலை காலியாகி இரண்டு தட்டுகள் வைக்க இடம் கிடைத்தது. வேலை முடிந்ததும் நானே டீயோடு போய் சோபாவில் உட்காருவேன். எந்தக் கப்பல் எங்கிருந்து வருகிறது என்று கேட்பேன். அவர் சொல்லச் சொல்ல எனக்கும் அதில் கொஞ்சம் ருசி வந்துவிட்டது. கொழும்பிலிருந்து வரும் ஒன்று பிந்தினால் நானே, "இன்னும் காணுமே?" என்று கேட்க ஆரம்பித்தேன்.

லீவு முடிந்து அவர் கப்பலேறிய பிறகு, கம்பெனி எல்லோருக்கும் இரண்டாவது திரையாக ஒரு மானிட்டர் தருவதாக முடிவு செய்தது. எப்படி வைத்துக்கொள்வது என்று புதியவர்களுக்குச் சொல்லித்தர மேலாளர் என்னைத்தான் கூப்பிட்டார். "உங்களுக்கு அனுபவம் இருக்குதுங்க" என்றார். சிரித்தாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. முக்கியமான திரை நேரே இருக்கட்டும், கேமரா அதன் மேலேயே இருக்கட்டும், தட்டுவதற்கு முன் ஒருதரம் க்ளிக் செய்யுங்கள், மீன்காரரோடு போனில் பேசுங்கள் என்றெல்லாம் சொன்னேன். ஈரோட்டிலிருந்து ஒரு பெண், "மூணு வச்சா இன்னும் வசதியா இருக்குமாங்க்கா?" என்று கேட்டாள்.

"வீட்டுக்காரர் லீவுல இல்லேன்னா வச்சுக்கலாம்" என்றேன்.

அன்று அவர் கப்பலிலிருந்து பேசியபோது இதைச் சொன்னேன்.

"அந்தப் பொண்ணோட வீட்டுக்காரரு என்ன வேல பாக்காரு?" என்று கேட்டார்.

"பேங்க்லயாம். தெனமும் சாயந்தரம் வீட்டுக்கு வந்துருவாராம்."

"அப்ப அவளுக்கு ரெண்டே போதும்" என்றார்.