கேட்டுக்கு வெளியே ஜிலேபி

என் பீரோவின் கீழ்த்தட்டில் ஒரு சதுரமான காடாத் துணி இருக்கும். நடுவில் சிறு ஓட்டை, அதைச் சுற்றி நூலால் தைத்த விளிம்பு. எத்தனை முறை அலசினாலும் எண்ணெய் வாடை போகாது. அதைத் தைத்தவர் எங்கள் மில் கேட்டில் செக்யூரிட்டியாக இருந்த ஹவில்தார். ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற சோழபுரத்துக்காரர்.

எனக்கு ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் டைம் ஆபீஸில் வேலை. வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். சுதந்திர தினத்தன்று எங்கள் தெருவில் கொடியேற்றியதும் ஆளுக்கொரு இலைத்துண்டில் பால்கோவா கொடுப்பார்கள். மில்லிலோ ஆரஞ்சு மிட்டாய். பஸ் ஏறி இறங்குகிற தூரத்துக்குள்ளேயே ஒரே நாளின் ருசி மாறிவிடுகிறது. அப்படியிருக்க, நாள்கணக்கில் ரயிலில் வந்து எங்கள் மெஷின்களை ஓட்டுகிற பீகார்ப் பையன்கள் அன்றைக்கு ஜிலேபி கேட்டதில் என்ன குற்றம்? அவர்கள் ஊரில் கொடி ஏறியதும் சுடச்சுட ஜிலேபி தின்னாவிட்டால் அது ஆகஸ்ட் பதினைந்தே இல்லையாம்.

ஹாஸ்டல் சமையற்கட்டில் சுட்டுக்கொள்ள அனுமதி கேட்டார்கள். மேனேஜர் சிரித்தார். "இங்க வந்தா இங்க உள்ள மாதிரிதான் கொண்டாடணும். மிட்டாய் குடுக்கோம்லா, பொறவு என்ன?" என்றார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஹவில்தார் வடக்கே பல வருஷம் இருந்தவர், இந்தி தெரியும். முந்தின நாளே மாவைக் கரைத்துப் புளிக்க வைக்கச் சொன்னார். டீக்கடையில் அடுப்பும் சட்டியும் இரவல் வாங்கி, கேட்டுக்கு வெளியே சுவரோரம் வைத்தார். கொடியேற்றம் முடிந்ததும் கேட்டை அகலத் திறந்துவிட்டார். பையன்கள் ஓடினார்கள். ஒருவன் அந்தத் துணியில் மாவைக் கட்டிக் காய்ந்த எண்ணெயில் சுற்றிச் சுற்றிப் பிழிய, உள்ளூர்ப் பெண்களும் வந்து கை நீட்டினார்கள். கையில் மிட்டாய் டப்பாவோடு மேனேஜர் வந்து நின்றார்.

"கேட்டைத் தெறந்தது யாரு?"

"நாந்தான் சார்."

"வேல வேணுமா, வேண்டாமா?"

ஹவில்தார் விறைப்பாக நின்றார். "வேல ஒங்களோடது சார், எடுத்துக்கிடுங்க. இந்த நாளு ஒங்களோடது இல்ல. பார்டர்ல நான் காவல் நின்னது ஆரஞ்சு மிட்டாய் திங்கவங்களுக்கு மட்டுமா?"

தொப்பியைக் கழற்றிக் கேட்டருகே இருந்த செக்யூரிட்டி மேஜையில் வைத்தார். அடுப்பருகே போய், "ஏலே, நல்லா முறுக விட்டு எடு" என்றார். அன்றோடு அவர் வேலை போயிற்று. பென்ஷன் மட்டும் போதாமல்தான் அந்த வயதில் அங்கே நின்றார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அதோடு அடங்கிவிடுவார் என்று நினைத்தார்கள். அடுத்த ஆகஸ்டில் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம், மில் கேட்டுக்கு நேர் எதிரே, அடுப்பு எரிந்தது. பக்கத்தில் ஹவில்தார், இஸ்திரி போட்ட சட்டையில் கொடி குத்திக்கொண்டு. அதன்பிறகு ஒரு வருஷமும் விடவில்லை. முழங்கால் நிற்கவிடாமல் போனபோது மகன் வந்து கோயம்புத்தூருக்கு அழைத்துப்போனான். கிளம்பும்போது துணியை என் கையில் திணித்து, "நீ பாத்துக்கோ தாயி" என்றார்.

இப்போது மேனேஜர் வேறு. நோட்டீஸ் மட்டும் பழைய மேனேஜர் அன்றைக்குப் போட்ட அதே நோட்டீஸ்: கேட்டருகே அடுப்பு மூட்டக் கூடாது. இன்று அதைப் போர்டில் ஒட்டியதும் நான்தான். டைம் ஆபீஸ் வேலை அது. ஒட்டிவிட்டு வீட்டுக்கு வந்து துணியை எடுத்து அலசி, மொட்டைமாடியில் காயப் போட்டிருக்கிறேன். விடிந்தால் ஆகஸ்ட் பதினைந்து. பால்கோவாவும் கொண்டுபோவேன். மேனேஜருக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் ரோட்டைத் தாண்டி வரட்டும். சூடாக ஒன்று கொடுக்கிறேன்.