தறிக்குழியில் ஒரு விமானம்

ஐயம்பேட்டையில் இறங்கிக் கலைவாணன் வீடு எது என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. பிளேன்காரர் வீடு என்று கேட்டால் ஷேர் ஆட்டோக்காரர் வாசலிலேயே கொண்டுபோய் விடுவார். பெரிய காஞ்சிபுரத்தில் இன்வெர்ட்டர் பழுது பார்த்துக்கொண்டிருந்த மனிதர். நாற்பத்தாறு வயதாகியும் விமானத்தில் கால் வைத்ததில்லை. ஆனால் வீட்டு முன்னறையில், பெரிய பயணிகள் விமானத்தின் பைலட் அறையை இருக்கை, ஸ்டியரிங், தலைக்கு மேலே நூற்றுச்சொச்சம் சுவிட்சு என்று அச்சு அசலாகக் கட்டிவைத்திருந்தார். கம்ப்யூட்டரை ஓடவிட்டால் முன்னாலுள்ள மூன்று திரையிலும் மீனம்பாக்கம் ஓடுபாதை விரியும். வாடிக்கைக்காரர்கள் வேறு மெக்கானிக்கைத் தேடிப் போனார்கள். இவர் தினமும் சிங்கப்பூர் போய் வந்துகொண்டிருந்தார்.

அந்த முன்னறை அவர் மனைவி சுகாசினியின் தறி இருந்த இடம். பதினெட்டு வருஷம் அங்கே உட்கார்ந்து பட்டு நெய்தவள். ஐந்து வருஷத்துக்கு முன்னால், "ரெண்டே வருஷம்மா, அப்புறம் எடத்த உனுக்கே குடுத்துடறேன்" என்று இவர் கெஞ்ச, அவளே ஆப்புகளைத் தட்டித் தறியைப் பிரித்துக் கொடுத்தாள். மரங்கள் பரணுக்குப் போயின. அவள் அடுத்த தெருவில் இன்னொருவர் தறியில் கூலிக்கு நெய்யப் போனாள். ரெண்டு வருஷம் அஞ்சு வருஷமாயிற்று. இந்தத் தீபாவளியன்று அவள் முடிவாகச் சொல்லிவிட்டாள்.

"தைக்குள்ள இந்தப் பிளேனு உனுக்கு ஒரு வேல வாங்கிக் குடுக்கட்டும்பா. இல்லன்னா என் தறிய எறக்கி மாட்டிக் குடு."

நியாயமான பேச்சுதான். பரணில் தறி இல்லை என்பதுதான் சங்கடம்.

முதலில் ஒரே ஒரு கட்டையைத்தான் எடுத்தார். பிளைவுட் ஆட்டம் கண்டுவிட்டது, இருக்கைக்கு அடியில் கொடுக்க நல்ல மரம் வேண்டியிருந்தது, தறியோ வேங்கை மரம். அப்புறம் வேறு மரம் வாங்கி வைத்துவிடலாம் என்று நினைத்தார். பிறகு இன்னொரு கட்டை. ஆசை வெட்கமறியாது என்று சும்மாவா சொன்னார்கள். கடைசியில், நெய்த சேலை சுற்றிக்கொள்ளும் படமரம், நெய்பவள் வயிற்றோடு ஒட்டியே கிடக்கும் மரம், அதையும் இரண்டாக அறுத்துக் கால் பெடல்களுக்கு அடியில் கொடுத்தார். எல்லாவற்றுக்கும் சாம்பல் நிறப் பெயிண்டை அடித்துவிட்டார். பரணில் தார்ப்பாய்க்கு அடியில் இருந்தவை காலி அட்டைப்பெட்டிகள். வருஷா வருஷம் ஆயுத பூஜையன்று சுகாசினி ஸ்டூல் போட்டு ஏறி, அந்தத் தார்ப்பாயின் மேலேயே சந்தனமும் குங்குமமும் வைத்துக் கும்பிடுவாள். ஸ்டூல் ஆடாமல் பிடித்துக்கொண்டு நிற்பவர் கலைவாணன். அவரை என்ன சொல்லித் திட்டினாலும் தகும்.

அதனால் விமானம் ஓடியே தீரவேண்டும். ஓடினால் வேலை, வேலை வந்தால் அவள் தறியைக் கேட்கமாட்டாள். இந்தக் கணக்கில்தான் அவர் உயிர் தொங்கிக்கொண்டிருந்தது. தெய்வம் கண் திறந்தாற்போல, கார்த்திகையில் சென்னையிலிருந்து ஒரு போன் வந்தது. பைலட் பயிற்சி மையம் ஒன்றின் இன்ஜினியர் தனசேகரன், இவர் இன்டர்நெட்டில் போட்ட விமான வீடியோவைப் பார்த்திருக்கிறார். சனிக்கிழமை நேரில் வருகிறேன், எல்லாம் ஓடினால் எங்களிடம் உள்ள இதே மாதிரி மிஷின்களைப் பார்த்துக்கொள்ள நீங்களே வந்துவிடலாம் என்றார்.

இனி குழியைப் பற்றிச் சொல்லவேண்டும். தறி என்றால், நெய்பவர் காலைத் தொங்கவிட்டு மிதிக்கத் தரையில் இடுப்பளவு குழி இருக்கும். கலைவாணன் அதை மூடவில்லை. பெடல்களை அதற்குள் வைத்தார். சித்திரை வெயிலில் சர்க்யூட் போர்டுகள் சூடேறி அடிக்கடி நின்றுபோகவே, குழிக்குச் சிமெண்ட் பூசி, போர்டுகள் மொத்தத்தையும் குளுமையாக அடியில் இறக்கிவிட்டார்.

சுகாசினி அப்போதே சொன்னாள். "ஏரி ரொம்பினா அடியிலேர்ந்து ஊறும்பா. மழ காலத்துல நாங்க குழியில ஒரு நூலு கூட வுட மாட்டோம்."

"வாட்டர் ப்ரூப் போட்டுக்கீறேன்மா. நீ உன் வேலயப் பாரு."

மூன்று நாள் விடாமல் மழை. வெள்ளிக்கிழமை மாலை வரை குழி காய்ந்துதான் இருந்தது. சனிக்கிழமை விடிந்து பார்த்தால் சிமெண்ட் நெடுக வெடித்து, முழங்கால் அளவுக்குச் சேற்றுத் தண்ணீர். போர்டுகள் அடியில். கூலிக்கு நெய்யும் தறியும் மழையில் நின்றுபோயிருந்ததால் சுகாசினி வீட்டில்தான் இருந்தாள். புடவையைச் செருகிக்கொண்டு, தண்ணீர் இறைக்க அன்னக்கூடையோடு குழிக்குள் இறங்கினாள்.

"நீ வேணாம்மா, நான் எறைக்கிறேன். மேல ஏறு."

"இரு, ஒயரு ஒண்ணு மாட்டிக்கினு இருக்குது" என்று அவள் தண்ணீருக்குள் கைவிட்டுத் துழாவினாள். துழாவிய கை நின்றது. படமரத்தில் சேலையின் முனையைப் பொருத்த நீளமாக ஒரு பள்ளம் ஓடும். கலங்கல் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாததை அவள் விரல் அந்தப் பள்ளத்தில் வைத்துத் தெரிந்துகொண்டது. விரல் கொஞ்ச தூரம் ஓடி, அறுத்த இடத்தில் முட்டியது. திரும்பி இந்தப் பக்கம் ஓடியது. அப்புறம் அவள் தலையை நிமிர்த்திப் பரணைப் பார்த்தாள்.

அவள் காலில் விழலாமா என்று கலைவாணன் நினைத்தார். விழவில்லை. அவள் மேலே ஏறிக் கையைக் கழுவிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அவர் போர்டுகளை எடுத்து, துடைத்து, ஹேர் டிரையரால் ஊதி மாட்டினார்.

பதினொரு மணிக்குத் தனசேகரன் வந்தார். நல்ல மனிதர். செருப்பை வாசலில் விட்டு வந்து பைலட் இருக்கையில் பொறுமையாக உட்கார்ந்தார். கலைவாணன் சுவிட்சுகளை ஒவ்வொன்றாகத் தட்டினார். ஒரு விளக்கும் எரியவில்லை. திரைகள் கருப்பாகவே கிடந்தன.

"ரெண்டு மாசம் டைம் குடுங்க சார். தலய அடமானம் வெச்சாவது ஓட வெச்சிடறேன்."

"திங்கக்கிழமை ஆள் போட்டாகணுங்க. என் கையில இல்ல." இறங்கும்போது அவர் இருக்கைக்கு அடியில் தட்டிப் பார்த்தார். "இவ்ளோ கெட்டியா இருக்கே. இந்த மரம் எங்க கெடைச்சுது?"

டீ டம்ளரோடு நின்ற சுகாசினிதான் பதில் சொன்னாள்.

"வீட்ல சும்மா கெடந்த மரம் சார்."

அவள் கத்தியிருக்கலாம், டீயை முகத்தில் ஊற்றியிருக்கலாம். அதையெல்லாம் கலைவாணன் தாங்கிக்கொண்டிருப்பார். இதைத் தாங்க முடியவில்லை. கார் தெருமுனை திரும்பும் வரை வாசலில் நின்றவர், உள்ளே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். "என்ன ரெண்டு அடி அடிச்சிடும்மா" என்றார்.

"அடிச்சா ஒட்டிக்குமா?" என்றாள் அவள். வாசற்படியில், விமானத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். திரும்பாமலேயே சொன்னாள்.

"தறிதான் போச்சு. என் குழியவாவது காலி பண்ணிக் குடு."

அவர் அன்னக்கூடையை எடுத்துக்கொண்டு இறங்கினார். பொழுது சாயும்வரை இறைத்தார். முழங்கால் தண்ணீர் முழங்காலிலேயே நின்றது. ஏரி நிரம்பியிருந்தது.