ஜமாலுதீன் நம்பாத ராஜா

ஜமாலுதீன் இறந்துவிட்டார் என்ற செய்தி கைபேசியில் வந்தபோது வேங்கிக்காலில் பேருந்துக்கு நின்றிருந்தேன். நான் நம்பவில்லை. போன மாதமும் இப்படி ஒரு செய்தி பரவி, அவரே என்னை அழைத்து, "நான் போனதை யாருங்க பாத்தது?" என்று கேட்டிருந்தார். இந்த முறை நான் அழைத்தபோது எடுத்தவர் அவர் மனைவி நசீமா. "ஆமாண்ணா, விடியக்காலம் போயிட்டாரு."

கல்லூரி வரலாற்றுத் துறையில் அவருக்கு அடுத்த நாற்காலி என்னுடையது. நான் வாங்கித் தந்த டீயைத் தவிர வேறெதையும் அவர் சந்தேகப்படாமல் ஏற்றதில்லை.

ஒருமுறை, செங்கம் சாலை விடுதியில் தங்கியிருந்த ஐரோப்பியர் ஒருவர் எங்களைத் தேடி வந்தார். கிழக்கே வெகு தூரத்தில் பிரெஸ்டர் ஜான் என்றொரு கிறிஸ்தவப் பேரரசன் ஆள்கிறான், படையோடு வந்து தங்களைக் காப்பான் என்று ஐரோப்பாவில் பல நூறு ஆண்டுகள் நம்பியிருந்தார்கள். அவனுடைய தலைநகர் நம் ஊர் மலையடிவாரம்தான் என்பது வந்தவரின் கட்டுரை. கல்லூரி முதல்வருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. நிருபர்களை அழைத்துவிட்டார்.

நிரம்பிய கூட்டத்தில் ஜமால் எழுந்தார். "மத்திய ஆசியாவுல ஒரு ராஜா சுல்தானைத் தோக்கடிச்சான். அவன் கிறிஸ்தவனே இல்லீங்க. சேதி மேற்கே போகப் போக அவனைக் கிறிஸ்தவனாக்கிட்டாங்க. அங்க பயம் ஜாஸ்தி, விவரம் கம்மி. அப்புறம் அவன் பேர்லயே யாரோ பொய்க் கடுதாசியும் எழுதிட்டாங்க."

கட்டுரை அத்தோடு முடிந்தது. அடுத்த ஆண்டு அவருக்கு வரவேண்டிய துறைத் தலைவர் பதவி வேறொருவருக்குப் போனது. முதல்வரின் வேலைதானே என்று கேட்டேன். "சந்தேகம் இருக்கு. ஆதாரம் இல்லீங்க" என்றார்.

ஓய்வுபெற்ற பின் புற்றுநோய் வந்தது. மருத்துவர்கள் கைவிரித்ததும், கேரள மலையில் ஒரு வைத்தியர் குணப்படுத்துகிறாராம் என்று நசீமா கேள்விப்பட்டார். இருவரும் போய்வரத் தொடங்கினார்கள். எனக்கு நெருடியது.

"நம்புறீங்களா?"

சமையலறைப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இல்லீங்க. அந்தாளு முழியே சரியில்ல. ஆனா போயிட்டு வந்தா அவ ரெண்டு வாய் சாப்பிடுறா, தூங்குறா."

அடக்கத்தன்று ஒருவர் என் காதோரம், "கடைசியில அவரும் நம்பிட்டாரு பாத்தீங்களா" என்றார். மாலைக்குள் அந்த வைத்தியர் அவரைப் பாதி குணப்படுத்தியே விட்டார் என்றொரு பேச்சும் கிளம்பியது. அவரை அறிந்தவர்களே, உங்கள் காதுக்கும் இது வந்திருக்கும். பொய்.

இதை எழுதலாமா என்று நசீமாவிடம் கேட்கப் போனேன். ஜமாலின் ரகசியத்தை உடைக்கிறோமே என்ற தயக்கத்தோடு, வைத்தியரை அவர் நம்பவில்லை என்று சொன்னேன். நசீமா நிமிர்ந்து பார்த்தார்.

"அவரு நம்பலேன்னு எனக்குத் தெரியாதாண்ணா? நானும்தான் நம்பல. வீட்லயே உக்காந்திருந்தா பயந்துடுவாருன்னு கூட்டிட்டுப் போனேன். எழுதுங்க."

அவரிடமிருந்து சந்தேகப்படக் கற்றேன் என்று எல்லோரும் எழுதுவார்கள். என்னிடம் இருப்பது வேறு. அன்று என்னிடம் அப்படிச் சொன்ன கையோடு, நசீமா கொண்டுவந்த வைத்தியரின் கசாயத்தை, அவர் பார்த்துக்கொண்டிருக்க, முகம் சுளிக்காமல் கடைசிச் சொட்டுவரை குடித்த ஜமாலுதீன்.