ஊருக்குள் போன நூதனசாலை

நாகேஸ்வரி அக்கா தபாற்கந்தோரில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர். அதன் பிறகும் ஊர்ச்சனம் முழுவதையும் தன் கவுண்டருக்கு முன்னால் வரிசையில் நிற்கும் ஆட்களாகத்தான் நினைத்தார். ஒன்றைப் பிடித்தால் உடும்புப்பிடி.

எண்பத்தைந்தாம் ஆண்டில் எங்கள் வாசிகசாலையின் பின்னறையைக் கேட்டு வாங்கி பழஞ்சாமான்களைக் காட்சிக்கு வைக்கும் ஒரு நூதனசாலை தொடங்கினார். வட்டுக்கோட்டைப் பக்கத்தில் அப்போது மின்சாரத்துக்குக் குறையில்லை. வீட்டுக்கு வீடு புதுச் சாமான்கள் வந்துவிட்டதால், பழையவற்றை அக்காவின் சைக்கிள் கரியரில் கட்டிவிட ஆட்கள் நான் முந்தி நீ முந்தி என்று நின்றார்கள். அக்கா அவற்றைத் துடைத்து, எண்ணெய் பூசி, ஒவ்வொன்றுக்கும் சிறு காகித மட்டையில் பெயர் எழுதி வைத்தார். மூடியில் பித்தளைச் சேவல் நிற்கும் கரி ஸ்திரிக்கைப்பெட்டிதான் அவருக்குச் செல்லப்பிள்ளை. வாசலில் 'தொடவேண்டாம்' என்று பலகை. வாசிகசாலைக் கொமிட்டியில் இருந்த நானும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் பார்க்க வேண்டும்.

தொண்ணூறில் சண்டை தொடங்கி மின்சாரம் போனது. மண்ணெண்ணெய் கண்ணில் காணக் கிடைக்கவில்லை. மா மில் மூடியது. முதலில் வந்தவள் பூரணம்.

"அக்கா, எங்கடை திரிகையை ஒருக்காத் தாங்கோ. உளுந்து உடைக்கவேணும்."

"தந்தது தந்ததுதான் பிள்ளை. உது இப்ப காட்சிப்பொருள்."

"காட்சிப்பொருளிலை உளுந்து உடையாதோ?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அங்கேதான் பிழை விட்டார்; திரிகை பூரணத்தோடு போனது. அடுத்ததாக அருளம்பலம் கிணற்றுத் துலாவில் கட்டி இறைக்கும் பட்டைக்கு வந்தார். அவருடைய வெங்காயம் வாடிக்கொண்டிருந்தது. லூர்த்தம்மா கையால் சுற்றும் தையல் மெஷினைக் கொண்டுபோனாள். கடைசியில் தட்டுகளில் மட்டைகள்தான் மிஞ்சின.

வாசிகசாலைத் தலைவர் நாகலிங்கம் கண்டிப்பானவர். "வெறும் அறைக்குப் பூட்டும் திறப்பும் என்னத்துக்கு? வாற கிழமை வந்து பாப்பன். ஒண்டும் இல்லையெண்டால் ரியூசனுக்குக் குடுப்பம்" என்றார்.

அக்காவின் முகம் வாடிப்போனது. அந்த அறையை விட்டால் அவருக்கு வேறு உலகம் இல்லை. சாமான்களைத் திருப்பி வாங்கப் புறப்பட்டார். பூரணம் வீட்டில் திரிகையைச் சுற்றி அயலட்டைப் பெண்கள் இருந்தார்கள். அக்காவையும் பிடித்து இருத்திவிட்டார்கள். திரிகை வாங்கப் போனவர் உளுத்தம்மாப் பொட்டலத்தோடு திரும்பினார்.

சொன்ன நாளில் தலைவர் மொடமொடவென்று ஸ்திரிக்கை போட்ட வேட்டியுடன் வந்தார். எங்கள் வேட்டிகளெல்லாம் கசங்கித் தொங்கிய காலம் அது. மட்டைகளில் அக்கா ஒரு வரி சேர்த்திருந்தார்: 'இப்போது பூரணம் வீட்டில்', 'இப்போது அருளம்பலத்தின் தோட்டத்தில்'.

"இதென்ன பகிடி?" என்றார் தலைவர்.

"வாங்கோ, போய்ப் பாப்பம்" என்று அக்கா முன்னே நடந்தார்.

திரிகை தன் மாமியாரின் சீதனம் என்றும், அதன் விளிம்பு உடைந்தது மாமனாருடன் நடந்த சண்டையில் என்றும் பூரணம் சொன்னாள். அது எந்த மட்டையிலும் இல்லாத கதை. அருளம்பலம் இறைப்புப் பாட்டே பாடிக் காட்டினார். வழியில் கண்டவர்களெல்லாம் எங்களோடு சேர்ந்துகொண்டார்கள். நூதனசாலைக்கு இவ்வளவு சனம் ஒருநாளும் வந்ததில்லை; எனக்குப் பெரிய சந்தோஷம்.

கடைசி மட்டையை அக்கா கையோடு கொண்டுவந்திருந்தார். போய் நின்ற இடம் தலைவரின் வீட்டுப் படலை. உள்ளே அவருடைய மனைவி மீனாம்பிகை, சேவல் பெட்டியில் சிரட்டைக்கரியை ஊதிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் அதை மறைக்க இடம் தேடினார். புகைகிற பெட்டியை எங்கே மறைப்பது?

தலைவர் குனிந்து தன் வேட்டியைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம்.

"உந்தப் பெட்டியை எப்ப எடுத்தனீர்?" என்று மனைவியிடம் மெதுவாகக் கேட்டார்.

"மாரி தொடங்கேக்கை. உங்களுக்குத்தானே கசங்கின வேட்டி பிடியாது."

தலைவர் அக்காவின் பக்கம் திரும்பினார். "அறைத் திறப்பு உங்களிட்டையே இருக்கட்டும் அக்கா. பெட்டி... வருஷப்பிறப்பு வரைக்கும் இஞ்சை நிக்கலாமோ?"

"நிக்கட்டும்" என்றார் அக்கா. கையிலிருந்த மட்டையைப் படலையில் கட்டினார். "ஆக்கள் பாக்க வந்தால் தொடவிடுங்கோ."