ஒரே சாவுக்கு இரண்டு நிறம்

குமாசி நகரத்தில் அஜெய்வாவைத் தெரியாதவர்கள் இருக்கலாம். ஆனால் எங்கள் பேட்டையில் சாவு விழுந்த எந்த வீட்டுக்கும் அவளைத் தெரியும். கடையில் போன் ரிப்பேர் செய்வாள். மற்ற நேரமெல்லாம் ஜாவாஸ்கிரிப்ட் என்ற கணினி மொழியில் அவள் எழுதிய, கேட்டதற்குப் பதில் சொல்லும் 'பாட்' என்ற புரோகிராமோடுதான் இருப்பாள். சனிக்கிழமை இறுதிச் சடங்கு எங்கே, எத்தனை மணிக்கு, என்ன நிறத் துணி என்று போனில் கேட்டால் அந்தப் பாட் பதில் சொல்லும். அவள் கடைக்கு எதிரே துணி விற்கிறவள் நான். ஆகவே அதன் பதில்கள் மேல் எனக்கு எவ்வளவு அக்கறை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நிறம் எங்களுக்கு விளையாட்டு இல்லை. வயிறெரியும் சாவு என்றால் சிவப்பும் கறுப்பும். கொள்ளுப்பேரன் கண்ட சாவு என்றால் வெள்ளையும் கறுப்பும். எது என்று சொல்கிறவர் குடும்பத் தலைவர் ஒருவர்தான். மாற்றிக் கட்டிக்கொண்டு வந்தால் செத்தவரையே அவமதித்த மாதிரி.

போன வருஷம் அவள் குடும்பத்திலேயே ஒரு சாவு. லாரி ஓட்டி ஓய்ந்த ந்யார்கோ கிழவர் போய்விட்டார். குடும்பத் தலைவர் ஓதுரோ, அஜெய்வாவின் தாய்மாமன். அப்பா பேச்சைவிடத் தாய்மாமன் பேச்சுக்குத்தான் இங்கே எடை. குடும்பக் கூட்டத்தில் பாட் என்ற பேச்சை எடுத்ததும் மாமாவின் அக்கா போக்குவா சிரித்தார். ஆள் அனுப்பிச் சொல்வதுதான் மரியாதை, டப்பாவிடம் போய்க் கேட்பதா என்றார். மாமா அவள் பக்கம் நின்றார். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார்: ஒருவராவது வேறு நிறத்தில் வந்து நின்றால், எல்லார் முன்னாலும் அவள் அந்தப் பாட்டை நிறுத்திவிட வேண்டும், அதோடு சரி. அஜெய்வா யோசிக்காமல் ஒப்புக்கொண்டாள்.

மாமா முதலில் சிவப்பு என்றுதான் சொன்னார். அவருக்குத் துக்கம் தாளவில்லை. தொண்ணூறு தாண்டியவருக்குச் சிவப்பா என்று சுன்யானி ஊர்ச் சொந்தக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். புதன்கிழமை காலை அவரே போனில் வெள்ளை என்று மாற்றினார். பாட்டும் மாற்றிவிட்டேன் என்றது.

அன்று மத்தியானம் போக்குவா, பாட் சொன்னது என்று என்னிடம் சிவப்புத் துணி வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனார். சற்று நேரத்தில் மாமா வீட்டு ஆட்கள் வெள்ளை கேட்டு வந்தார்கள். நான் கல்லாவை அப்படியே விட்டுவிட்டு எதிர்க்கடைக்குப் போனேன்.

"ஏண்டி, ஒரே சாவுக்கு ரெண்டு நிறம் வித்துட்டிருக்கேன். உன் டப்பாவுக்கு எத்தனை நாக்கு?"

அவள் என் போனை வாங்கிக் கேட்டுப் பார்த்தாள். சிவப்பு என்று வந்தது. முகம் ஒரு கணம் சுருங்கியது, அவ்வளவுதான். மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்தாள்.

விஷயம் இதுதான். முன்பு பாட் முழுவதும் ஒரே நீளமான கோப்பாக இருந்தது. பெரிய சடங்கு வருகிறதே என்று அதைப் பிரித்திருந்தாள். மாமா சொல்வதை வாங்க ஒரு கோப்பு, கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்ல இன்னொன்று. பதில் சொல்லும் கோப்பு, பாட் எழுந்த நேரத்தில் நிறத்தை ஒரு முறை கேட்டுத் தன்னிடமே வைத்துக்கொண்டது. மாமா மாற்றியது அந்தப் பக்கம் மாறியது. இந்தப் பக்கம் பழைய சிவப்பு அப்படியே கிடந்தது. நிறுத்தித் திரும்ப ஓட்டினால் போதாதா என்றேன். மாமா மாற்றியது ஓடுகிற வரைக்கும்தான் அதன் நினைவில் இருக்கும், கோப்பில் எழுதியிருப்பது சிவப்பு, திரும்ப ஓட்டினால் இரண்டும் பழைய சிவப்போடுதான் எழும் என்றாள்.

"குடும்பத்துல யாராவது நிறத்தைத் தன் வீட்டுல வச்சுக்கிறாங்களா? மாமாகிட்டதானே கேக்குறோம். அதைத்தான் நான் எழுத மறந்துட்டேன்."

நிறமும் இடமும் நேரமும் இருக்க, பெட்டி மாதிரி தனியாக ஒரு கோப்பு வைத்தாள். மற்றக் கோப்புகள் எதையும் தங்களிடம் வைத்துக்கொள்ளக் கூடாது. ஒவ்வொரு முறையும் அங்கே போய்த்தான் கேட்க வேண்டும். மாற்றுகிற கோப்பும் உள்ளே இருப்பதைத்தான் மாற்றலாம், பெட்டியையே தூக்கிவிட்டு வேறு பெட்டி வைக்கக் கூடாது. பிறகு, சிவப்பு என்று பதில் வாங்கிய எல்லாருக்கும் தவறு தன்னுடையது, நிறம் வெள்ளை என்று செய்தி அனுப்பினாள். போக்குவாவுக்கும் போனது.

சனிக்கிழமை பந்தல் முழுக்க வெள்ளையும் கறுப்பும். எனக்கு மூச்சு வந்தது. அப்போது போக்குவா தலை முதல் கால் வரை சிவப்பில் வந்து இறங்கினார். மாமா அஜெய்வாவைப் பார்த்தார். அவள் எழுந்து போக்குவாவிடம் போனாள்.

"உன் டப்பாதானே சிவப்புன்னுச்சு?" என்றார் போக்குவா.

"ஆமா பெரியம்மா. அது என் தப்பு. அப்புறம் செய்தி அனுப்பினேனே, பாக்கலையா?"

"எதுக்குப் பாக்கணும்? அதான் ஒரு தடவை கேட்டாச்சே."

"என் பழைய ஃபைலும் இதையேதான் சொல்லுச்சு பெரியம்மா."

முன்வரிசையில் ஆரம்பித்த சிரிப்பு பந்தலின் கடைசி வரை போனது. மாமா உதட்டைக் கடித்துப் பார்த்தார், முடியவில்லை.

"ஃபைலைத் திருத்திட்ட. எங்க அக்காவை யாரு திருத்துறது? அது பாட்டுக்கு ஓடட்டும்மா."

அஜெய்வாவின் கண் அப்போதுதான் கலங்கியது. நான் பையில் கொண்டுவந்திருந்த வெள்ளைத் துணியைப் போக்குவாவிடம் நீட்டினேன். என் முகத்தைப் பார்க்காமலே வாங்கிக்கொண்டார். உடனே கட்டவில்லை. போனை எடுத்து, கண்ணருகே பிடித்து, என்ன நிறம் என்று பாட்டிடம் கேட்டார்.