காதுக்குக் கீழே ஒரு கட்டி

உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டிகளிலிருந்து ஊசியால் எடுத்த செல்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, புற்றா இல்லையா என்று வகைபிரிப்பது என் பிழைப்பு. ஸ்லைடில் சாதாரணச் செல்கள் மட்டும் இருந்தால், ஊசி கட்டியில் படாமல் பக்கத்தில் குத்தியிருக்கிறது என்று அர்த்தம். ‘மாதிரி போதாது’ என்றுதான் எழுத வேண்டும். ‘பயமில்லை’ என்று எழுதிய மாணவர்களை வறுத்தெடுப்பேன். அந்தக் கதையை வீட்டிலும் சொல்லி மனைவியின் உயிரை எடுப்பேன். மாணவர்கள் எனக்கு வைத்த பெயரே ‘போதாது சார்’.

போன வாரம் என் காதுக்குக் கீழேயே ஒரு கட்டி. ஊசியால் குத்திச் செல்களை எடுக்கச் சொன்னேன். ஸ்லைடை நானேதான் பார்த்தேன். மற்றவர்களை நம்பிவிடுவேனா என்ன? அத்தனையும் சாதாரணச் செல்கள். தலைகால் புரியாமல் இனிப்பு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

“ஒண்ணுமே இல்ல! எல்லாம் நல்ல செல்லுதான்!” என்று மனைவிக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டு, இரண்டை என் வாயில் போட்டுக்கொண்டேன்.

அவள் என் காதுக்குக் கீழே விரலை வைத்து அழுத்தினாள்.

“அப்ப இது என்னங்க?”

மெல்லுவதை நிறுத்தினேன்.

“மாதிரி போதாது” என்றேன், வாய் நிறைய இனிப்போடு.