தண்ணீர் இல்லாமல் விழுங்கிய பிசின்

முள்ளுக்கம்பியை இழுத்துக் கட்ட எங்கள் வேலியோர விளாமரத்தில் அறைந்திருந்த ஆணியைச் சுற்றித்தான் அதை முதலில் கண்டேன். தேன் நிறத்தில் சுண்டுவிரல் நுனியளவு பிசின். அதில் கால் ஒட்டிக்கொண்ட எறும்பொன்று செத்துக் கிடந்தது. வளவுக்குள் வந்த மாட்டைக் கலைக்கப் போனவள் மாட்டை மறந்துவிட்டு நின்றேன். முதல் நாள்தான் பாதாம் பிசினைப் பற்றிப் போனில் ஒரு வீடியோ பார்த்திருந்தேன். ஊறவைத்துக் குடித்தால் மலம் இளகும் என்றார்கள். அது இந்தியாவிலிருந்து வரவேண்டும். இது எங்கள் வேலியில் சும்மா வடிந்துகொண்டிருந்தது.

உடனே அக்காவின் வயிறுதான் நினைவுக்கு வந்தது. அக்கா கிளிநொச்சிப் பக்கம் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் தைக்கிறாள். விடியுமுன் வீதிக்கு வரும் பஸ்ஸில் போனால் பொழுதுபட்டுத்தான் வருவாள். நான்கைந்து நாளைக்கு ஒருமுறைதான் அவளுக்கு மலம் கழியும். அன்றைக்கும் நெற்றி வியர்க்க, சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வருவாள். கழுவப் போட்ட துணியில் இரத்தம் பார்த்திருக்கிறேன். கேட்டால் எரிந்து விழுவாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அப்பாவும் அம்மாவும், யுத்தம் முடிந்தபோது எங்களை அடைத்த முகாம் வரைக்கும் வந்து சேரவில்லை.

பக்கத்து வீட்டு அன்ரி பிசினைப் பார்த்துவிட்டு, “உது வயித்தோட்டத்துக்கெல்லோ குடுக்கிறது, பிள்ளை?” என்றார். கரையும் நார்ச்சத்து வயிற்றுப்போக்கு, மலச்சிக்கல் இரண்டுக்கும் வேலை செய்யும் என்று விளங்கப்படுத்தினேன். விஞ்ஞானப் பட்டம் எடுத்துவிட்டு வேலையில்லாமல் இருப்பவளுக்கு விளங்கப்படுத்த ஆள் கிடைப்பதே பெரிய காரியம்.

இரவு ஊறவைத்தது விடிய வழுவழுப்பான கஞ்சிபோல ஆகியிருந்தது. அக்கா அதை முகர்ந்து பார்த்தாள்.

“போன வருசம் காளான் வளர்ப்பு. அதுக்குப் பிறகு மண்புழு உரம். இப்ப என்ரை வயிறோ?”

“குடிச்சுப் பார் அக்கா. சீனி போட்டிருக்கு.”

“பசை மாதிரி இருக்கு. உன்ரை சேட்டிபிக்கற்றை ஒட்டிச் சுவரிலை மாட்டலாம்.”

இரண்டு வாய் குடித்தாள். மூன்றாம் நாள் தானாகவே கேட்டாள்: “ஊறவைக்காமல் கட்டியாத் தா. காலமை உதோட நிக்க நேரமில்லை. நான் அங்கை போய்க் கரைச்சுக் குடிக்கிறன்.” நெஞ்சு குளிர்ந்துபோனது எனக்கு. சாம்பிராணி வந்த சின்ன ரின்னைக் கழுவிக் காயவைத்து, நிரப்பிக் கொடுத்தேன். அன்று பகல் முழுவதும் இரணைமடு வாய்க்கால் கரை நீளத்துக்கு விளாமரம் தேடிச் சைக்கிளில் திரிந்தேன். மாங்குளத்துக் கடைகளில் போத்தலில் போட்டு விற்கலாம் என்று யோசித்து, ஒட்டுவதற்கு லேபிள்கூட வரைந்துவிட்டேன்.

அந்த வாரம் முடியுமுன் அக்காவுடன் வேலை செய்யும் பெண் ஒருத்தி அழைத்தாள். “உங்கடை அக்கா மிசினுக்கு மேலை குப்புற விழுந்திட்டா. ஆசுப்பத்திரிக்கு ஏத்தியாச்சு. கெதியா வாங்கோ.”

வார்ட்டில் அக்கா சுருண்டு கிடந்தாள். வயிறு மத்தளம்போல உப்பியிருந்தது. மூக்கில் குழாய். பிசின் கொடுத்ததை நானே டொக்டரிடம் சொன்னேன். கரைத்துத்தான் குடித்தாள் என்றும் சொன்னேன். டொக்டர் என் வயதுப் பெண்தான். அவர் அக்காவிடம் குனிந்து கேட்டார்.

“கரைச்சோ குடிச்சனீங்கள்?”

அக்கா தலையை ஆட்டினாள். இல்லை.

“சும்மா விழுங்கினீங்களோ? ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிறனீங்கள்?”

“குடிக்கிறனான்.”

“எவ்வளவு?”

அக்கா என்னைப் பார்த்தாள். “காலமை அரைக்கோப்பைத் தேத்தண்ணி. பிறகு வீட்டை வந்துதான்.”

டொக்டர் என்னை வெளியே கூட்டிப்போனார். “பிசின் இல்லாட்டிலும் எண்டைக்காவது ஒரு நாள் குடல் அடைச்சிருக்கும். காய்ஞ்ச பிசின் அதைக் கெதியாக் கொண்டுவந்திட்டுது. இந்தமுறை வெட்டாமல் எடுத்திடுவம் எண்டு நினைக்கிறன். இனியும் இப்படித் தண்ணி குடிக்காமல் இருந்து அடைச்சால் வெட்டத்தான் வேணும்.”

குழாயை எடுத்த பிறகுதான் அக்கா காரணத்தைச் சொன்னாள். லைனில் இருக்கும் அத்தனை பேருக்கும் கக்கூசுக்குப் போக ஒரே ஒரு அட்டை. அது சுப்பவைசரின் மேசையில் கிடக்கும். ஒருத்தி கொண்டுபோனால் அவள் திரும்பி வரும்வரை மற்றவர்கள் பொறுத்திருக்க வேண்டும். இரண்டாம் தரம் போய் எடுத்தால், “என்ன, சீனி வருத்தமோ?” என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்பாராம்.

“தண்ணி குடிச்சால்தானே போகவேணும்,” என்றாள் அக்கா. “குடிக்காட்டிச் சோலி இல்லை. எனக்கென்ன, முகாமிலை பழகினதுதானே.”

முகாமில் எனக்கு ஏழு வயது இருக்கும். தகரம் அடித்த கழிப்பறைகளின் வரிசையில் என் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பவள் அவள்தான். என்னை உள்ளே விட்டுக் கதவை வெளியே இருந்து இழுத்துப் பிடிப்பாள். அவள் உள்ளே போய் நான் கண்டதில்லை. பெரிய பிள்ளைகளுக்கு அது தேவைப்படாது என்றே அப்போது நினைத்திருந்தேன். அவளுக்குக் கதவைப் பிடிக்க ஆள் இல்லை.

வீட்டுக்கு வந்து இன்றைக்கு மூன்றாம் நாள். ஒரு மிடறு, இன்னொரு மிடறு என்று நான் பக்கத்தில் இருந்து தண்ணீர் குடிக்க வைக்கிறேன். குடிக்கும்போது அவள் கண் தானாகவே கக்கூஸ் பக்க வாசலுக்குப் போகிறது. மிச்சப் பிசின் குசினி அலுமாரியில் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாகிவிட்டது. லேபிளை அடுப்பில் போட்டேன்.

திங்கட்கிழமை வேலைக்குப் போகப்போகிறாளாம். போகாவிட்டால் அந்த மிசினில் வேறொருத்தி இருப்பாள்.

“நான் வந்து சுப்பவைசரோட கதைக்கிறன்,” என்றேன்.

“வந்தியோ, அண்டைக்கே எனக்குச் சீட்டுக் கிழியும். உன்ரை காளான் சோறு போடுமோ?”

“அப்ப திரும்ப அடைக்கட்டும் எண்டு விடுறதோ?”

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்து நான் எழும்பியபோது சொன்னாள்: “எங்கடை வீதியிலை இருந்து எட்டுப் பேர் அந்தப் பஸ்ஸிலை ஏறுறம். ஒருத்தியும் தண்ணிப் போத்தில் கொண்டு வாறேல்லை. முதல் அவையளிட்டைக் கேள். என்ரை பேரைச் சொல்லாதை.”

பேரைச் சொல்லாமல் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. அக்கா விழுந்ததை அத்தனை பேரும் பார்த்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் இருப்பார்கள். வாய்க்காலோரம் இருக்கிற முதல் வீட்டில் தொடங்கப் போகிறேன். எட்டுப் பேரும் ஒரே நாளில் போத்தலோடு போய், இன்னோர் அட்டை வேண்டும் என்று ஒன்றாக எழும்பி நிற்பார்களா என்று கேட்க வேண்டும். எனக்கு விளங்கப்படுத்தத்தான் தெரியும். இந்த முறை முதலில் கேட்டுப் பார்க்கிறேன்.